இலுப்பை இலையில் ஒரு கேள்விக்குறி

எங்கள் கல்லூரியில் தாவரவியல் துறையின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. ஹெர்பேரியம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே எட்டு இரும்பு பீரோ, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேசை, அப்புறம் நான். பதினாறு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பீரோக்களுக்குள் இருப்பது எல்லாம் நோய் பிடித்த இலைகள். புள்ளி விழுந்தது, துரு ஏறியது, மாவு படிந்தது, கரியாய்க் கறுத்தது என்று மதுரையைச் சுற்றி எந்தச் செடியில் எந்தப் பூஞ்சை வந்தாலும் அந்த இலையைக் காயவைத்து, காகிதத்தில் மடித்துப் பொட்டலமாக்கி, மேலே பேர் எழுதி வைத்திருக்கிறோம். பார்க்க வருகிற பெற்றோர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

அந்தப் பேரில்தான் என் பிழைப்பு. இலையைக் கொண்டுவருகிறவருக்குப் பூஞ்சையின் அறிவியல் பெயர் நிச்சயமாகத் தெரியாவிட்டால் பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். நான் பொட்டலத்தைப் பிரித்து, புள்ளியைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, நீலச்சாயம் ஒரு சொட்டு விட்டு, பூஞ்சையின் நுண்ணிய வித்துகளை அளந்து, புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்விக்குறியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் பேரை மாற்ற வேண்டும். எனக்கு இருக்கிற கண் எங்கள் துறையில் வேறு யாருக்கும் கிடையாது. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். எம்.எஸ்சி., எம்.ஃபில். எல்லாம் முடித்துவிட்டு ஆய்வக உதவியாளராக வந்தவள். இன்னும் அதுவாகவே இருக்கிறேன். பேராசிரியர்கள் எழுதுகிற கட்டுரைகளின் கடைசியில் ‘ஹெர்பேரியம் ஊழியர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி வரும். ஊழியர்கள் என்று பன்மையில் போட்டிருக்கிறார்களே, அது நான் ஒருத்திதான்.

இதில் எழுதப்போவது நான் ஒருவனுக்குச் செய்த கெடுதலைப் பற்றி. கோபத்தில் கைதவறிச் செய்ததல்ல. உட்கார்ந்து யோசித்து, எட்டு மாதம் காத்திருந்து செய்தேன்.

அவன் எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஆர்டர் வாங்கினால்தான் அடுத்த வருஷம் வேலை. அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருந்தான். வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், அம்மா. எல்லாருக்கும் அவன் ஒருவன் சம்பளம்தான். பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான். மாணவர்களுக்கு அவனைப் பிடிக்கும். எல்லாருக்குமே பிடிக்கும். என்னை வாய் நிறைய ‘அக்கா’ என்பான். நான் ‘சார்’ என்பேன். மதுரைக்கு மேற்கே பரம்பரையாய் நிலம் வைத்திருக்கிற குடும்பம் அவனுடையது. எங்கம்மா அப்படிப்பட்ட குடும்பங்களின் வயல்களில் நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தாள். இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

அவனியாபுரத்தில் அவன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது துறையே வேன் பிடித்துப் போனது. நானும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் அவனுடைய அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“அந்த ஊர்லயா? ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா தாயி?”

அதையும் சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. தட்டை ஏந்திக்கொண்டு வந்தவன் அவன்தான். டம்ளர், டம்ளர், டம்ளர் என்று நீட்டிக்கொண்டே வந்தவன், என்னிடம் வந்ததும் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் தனியாக இருந்த கப்பு என் பக்கம் வரும்படி பிடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. புதிதாக மாட்டிய மின்விசிறியைப் பார்த்தான். நான் எடுத்துக் குடித்தேன். குடித்தேனே என்றுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம். அதை அவன் வீட்டு வெள்ளைத் தரையில் கொட்டிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். மறுநாள் என் அறைக்கு வந்து மேசை மேல் உட்கார்ந்துகொண்டு, “காபி எப்பிடிக்கா? எங்கம்மா கைப்பக்குவம்” என்றான். நல்லா இருந்துச்சு சார் என்றேன்.

அதற்கு அப்புறம் ஓர் ஆகஸ்ட் மாதம் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தான். உள்ளே ஏழெட்டு இலைகள், தடித்துச் சுருண்டவை, சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி. மேலே பென்சிலில் ‘செர்கோஸ்போரா, புதிய இனம்?’ என்று பூஞ்சையின் பேரை எழுதி, கீழே ‘இலுப்பை?’ என்று எழுதியிருந்தான். அவர்கள் ஊர்க் கண்மாய்க்கரை மரம்.

“அக்கா, ஒரு தடவ நல்லாப் பாத்துருங்க. எனக்கே ஒரு மாதிரி டவுட்டாத்தான் இருக்கு. நீங்க சரின்னு சொன்னா கைடுட்ட குடுத்துருவேன்” என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இந்த வகைப் பூஞ்சைகள் எல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே அது எந்தச் செடியின் மேல் வந்திருக்கிறதோ அந்தச் செடியை வைத்தே பேர் வைத்துவிடுவார்கள். செடியின் பேர் தெரிந்தால் பட்டியலைப் புரட்டினால் போதும், பூஞ்சையின் பேர் கிடைத்துவிடும். பட்டியலில் அந்தச் செடியே இல்லையா, அடித்தது யோகம், புதிய இனம். முதலில் செடியைத் தப்பாகச் சொல்லிவிட்டால் மேலே கட்டுகிறது எல்லாமே தப்பாகப் போகும் என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறோம். கிளையோடு எடு, பூவோடு எடு, தனி இலையாக எடுக்காதே என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். இவன் வெள்ளைச் சட்டையோடு மரத்தடியில் நின்றுகொண்டு, ஓர் ஆளை விட்டுத் தொரட்டியால் உச்சிக் கிளையில் இழுக்கச் சொல்லி, கீழே விழுந்ததில் புள்ளி இருந்த இலைகளை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இலுப்பை இலையில் நடு நரம்பின் இரண்டு பக்கமும் கிளை நரம்புகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தெரியும். இந்த இலைகளில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. வெறும் தோல். அந்த மரத்தின் உச்சியில் புல்லுருவி பிடித்திருக்க வேண்டும். மரக்கிளையிலேயே ஒட்டிக்கொண்டு, மரத்தின் கொப்பு மாதிரியே தழைத்து நிற்கிற செடி அது. கீழே நின்று பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியென்றால் இவனுடைய புதிய இனம் புதிதே இல்லை. புல்லுருவி இலையில் வருகிற பூஞ்சைக்கு எப்போதோ பேர் வைத்தாகிவிட்டது. என் மூன்றாவது பீரோவிலேயே அதில் நாலு பொட்டலம் கிடக்கிறது. ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து வித்துகளை அளந்தேன். நூல் பிசகாமல் அதேதான்.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கிற விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி அவன் ஊருக்கே போனேன். கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்த ஒருவரிடம் தொரட்டி வாங்கி, நானே இழுத்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த புல்லுருவிக் கொப்பு வந்து விழுந்தது. இலையெல்லாம் புள்ளி. அதைக் கொண்டுவந்து செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, மேசையின் அடி டிராயரில் வைத்துப் பூட்டினேன். பூட்டும்போதுதான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அடுத்த வாரம் அவன் வந்தான். பொட்டலத்தை எடுத்தேன். அவன் கண் முன்னாலேயே ரப்பரால் இரண்டு கேள்விக்குறிகளையும் அழித்தேன். பதினாறு வருஷத்தில் தெரிந்தே நான் தப்பாக அழித்த கேள்விக்குறிகள் அந்த இரண்டும்தான்.

“சரியாத்தான் இருக்கு சார். இலுப்பைதான். புது ஸ்பீசிஸ்தான்.”

அவன் முகம் மலர்ந்துபோனது. “கையெழுத்துப் போட்டுர்றீங்களாக்கா?”

“என் கையெழுத்து எதுக்கு சார்? உங்க கைடு போட்டாப் போதும்.”

“அதுவும் சரிதான்” என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனான்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கைடு இலையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. அவனுக்கு அந்த ஒரு கட்டுரைதான். தீசிஸ் கொடுப்பதற்கு ஒரு கட்டுரை கட்டாயம். துறையின் வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படமாக வந்து குவிந்தது. டிசம்பரில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பிஎச்.டி. முடிக்காத கௌரவ விரிவுரையாளர்களுக்கு அடுத்த ஜூனில் ஆர்டர் கிடையாது. அவன் என் அறைக்கு ஓடி வந்தான்.

“நல்லவேளைக்கா, பேப்பர் வந்துருச்சு. ஏப்ரல்ல வைவா முடிஞ்சிரும். இல்லாட்டி என் கதி என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க” என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

நினைத்துத்தான் பார்த்தேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு நேரம் இருந்தது. வேறு நல்ல பொட்டலங்கள் அவனிடம் இருந்தன, நானே பேர் சரிபார்த்தவை. நாலு மாதத்தில் வேறு கட்டுரை போட்டிருக்கலாம். தினமும் காலையில் அவன் ‘என்னக்கா, சாப்ட்டீங்களா’ என்று எட்டிப் பார்ப்பான். தினமும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருந்ததில் எனக்கு ஒரு ருசி இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அந்த எட்டு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

வைவா என்பது பிஎச்.டி.க்கான கடைசி வாய்மொழித் தேர்வு. பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். யாரும் நிஜமாகக் கேட்பதில்லை. பட்டம் வாங்கப்போகிறவரே முந்தின நாள் சிநேகிதர்களுக்குச் சின்னச் சீட்டில் ஒவ்வொரு கேள்வியாக எழுதிக் கொடுத்துவிடுவார். பதிலும் தயாராக வைத்திருப்பார். கேள்வி கேட்டவர்களுக்கு மதியம் நல்ல சாப்பாடு. எங்கள் பக்கத்தில் வைவா என்றால் பாதி கல்யாணம்தான்.

எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தான். ‘இந்த ஆய்வால் விவசாயிகளுக்கு என்ன பயன்?’

“ஈசியா ஒண்ணு உங்களுக்குன்னே வச்சிருக்கேன்க்கா. சும்மா எந்திரிச்சு வாசிச்சுட்டு உக்காந்துருங்க” என்றான்.

கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. அவன் அம்மா பட்டுப்புடவையில் முதல் வரிசை. பக்கத்தில் மனைவி, மாமனார், ரிப்பன் கட்டிய இரண்டு பிள்ளைகள். தேர்வாளர் வெளி மாநிலத்திலிருந்து வந்த பெரியவர். அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் பேசினான். புதிய இனம் என்று திரை முழுக்க அந்த இலையின் படத்தைக் காட்டியபோது கைதட்டினார்கள். அப்புறம் சீட்டுக் கேள்விகள் வந்தன. மூன்று பேர் வாசித்தார்கள், மூன்றுக்கும் மனப்பாடமாகப் பதில் சொன்னான். நாலாவதாக நான் எழுந்தேன். சீட்டைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“சார், திரும்ப அந்த எலைப் படத்தப் போடுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான். “இது இலுப்பை எலைன்னு சொல்றீங்க. இலுப்பைன்னா சைடு நரம்பு வரிசையா தெரியணுமே. இதுல எங்க சார் இருக்கு?”

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். கூடம் முழுக்கப் பார்த்தது. ஓர் ஆள் உயரத்துக்கு இலை நின்றது, நரம்பில்லாமல். அவன் சிரிப்பு முகத்திலிருந்து போகாமல் அப்படியே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. பையிலிருந்து காய்ந்த கொப்பை எடுத்துக்கொண்டு நடந்துபோய்த் தேர்வாளர் முன்னால் வைத்தேன். “அதே மரத்துல எடுத்தது சார். புல்லுருவி. இதுல வர்ற பூஞ்சைக்கு ஏற்கெனவே பேரு இருக்கு.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தார். எழுந்து திரைக்கிட்டேயே போய்ப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். கிளையோடு எடுத்தீர்களா? இல்லை. பூ பார்த்தீர்களா? இல்லை. இது இலுப்பை என்று உங்களுக்கு யார் பார்த்து உறுதி செய்தது?

அவன் என்னைப் பார்த்தான்.

நான் தயாராக இருந்தேன். ‘அய்யோ, நான் எப்ப சார் சொன்னேன்?’ என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்து நின்றது. எழுத்தில் ஒன்றும் இல்லை, கையெழுத்து இல்லை, வாய் வார்த்தைதான். அவன் சொல்ல வேண்டும், நான் மறுக்க வேண்டும், அவன் கெஞ்ச வேண்டும், அதைத்தான் எட்டு மாதமாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.

“நானேதான் சார்” என்றான்.

கைடு உடனே எழுந்து, “நான் அப்பவே சந்தேகப்பட்டேன். இவன்தான் அவசரப்பட்டான்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பன்னிரண்டு வருஷம் அவருக்குப் பை தூக்கியவன். அவன் அம்மாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. “என்னடா ஆச்சு, முடிஞ்சிருச்சா, மாலையப் போடவா?” என்று மடியில் மாலையோடு கேட்டுக்கொண்டே இருந்தார். அவனுடைய சின்னப் பெண் அழ ஆரம்பித்தது. நான் மதியச் சாப்பாட்டுக்கு நின்றேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். கட்டுரை இல்லாவிட்டால் தீசிஸ் இல்லை. ஜூனில் ஆர்டர் வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவன் ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்பதுதான் குடைந்தது. சொல்லியிருந்தால் அவன் பாரத்தில் பாதி என் மேல் விழுந்திருக்கும். விசாரணை வந்திருக்கும். என் வேலைக்கே ஆபத்து. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டானோ, அக்கா என்று கூப்பிட்ட வாய் என்பதால் விட்டுவிட்டானோ என்று அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். நல்லவனைக் கெடுத்துவிட்டோமோ என்கிற பயம்தான், வேறென்ன.

ஜூலையில் ஒரு நாள் கல்லூரியோடு கணக்கு முடிக்கிற படிவத்தில் ஒவ்வொரு அறையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். கம்பெனிச் சட்டை போட்டிருந்தான், சாம்பல் நிறம். கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஸ்டோரில் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். மெலிந்துபோயிருந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. அவனும் மேசை மேல் உட்காரவில்லை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நீங்க பொட்டலத்தக் கொண்டாந்த அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?” உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். “அம்புட்டு நாளா தெரிஞ்சுக்கிட்டேவா தினம் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்க? ஏன்க்கா?”

“உங்க வீட்டு விசேசத்துல எனக்குப் பேப்பர் கப்புல காபி குடுத்தீங்க.”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. இல்லையென்று நடிக்கவில்லை. “அதுக்கா?” என்றான். “அது எங்கம்மா பழக்கம்க்கா. அதுக்குப் போயா என் பிள்ளைக சோத்துல மண்ணள்ளிப் போட்டீங்க?”

படிவத்தை என் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தேன். கேட்காமல் விட்டால் செத்துவிடுவேன் போல இருந்தது.

“அன்னைக்கு அந்தப் பெரியவர் கேட்டாரே, யாரு உறுதி பண்ணதுன்னு. என்னச் சொல்லியிருக்கலாம்ல. சொன்னா என் வேலையும் போயிருமேன்னு விட்டுட்டீங்களா?”

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

“அதெல்லாம் இல்லக்கா. எங்கம்மா உக்காந்திருக்காங்க, மாமனார் உக்காந்திருக்காரு. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, உங்கள மாதிரி ஒரு ஆளு சொன்னத நம்பித்தான் தீசிஸ் போட்டேன்னு எப்பிடிக்கா வாயத் தொறந்து சொல்றது? அதுக்கு எனக்கே ஒண்ணும் தெரியலைன்னு இருந்துட்டுப் போறது எவ்வளவோ தேவல.”

கையெழுத்துப் போட்டேன். அவன் படிவத்தை எடுத்து, மை காய்வதற்காக இரண்டு தடவை ஊதினான்.

“வாரேன்க்கா” என்று போனான்.

நான் கொடுத்த அடியில் அவன் வேலை போனது, பேர் போனது, பன்னிரண்டு வருஷம் போனது. என் சொல்லை நம்பியதாக ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். சொல்வதைவிட எல்லாவற்றையும் இழப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.